மூன்று தவணையில் சிவப்பு ஆயில்: பழைய ஆட்டோமேட்டிக் வண்டியும் வீட்டு வாசலும்

வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, ஆழியாறு வந்ததும் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். திரும்பக் கிளம்ப ரிவர்ஸ் போட்டேன். வண்டி நகரவில்லை. ஒரு நொடி, ஒன்றரை நொடி சும்மா நின்றுவிட்டு, பிறகு யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி 'டொக்'கென்று கவ்வியது. 2009-ல் வாங்கிய ஆட்டோமேட்டிக் செடான். அப்போது 1,10,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தது. என்ஜின் ஆயிலை வருஷம் தவறாமல் மாற்றி வந்திருக்கிறேன். கியர் பாக்ஸ் ஆயிலை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

பொள்ளாச்சியில் தெரிந்த ஃபிட்டர் ஒருவரிடம் காட்டினேன். ஆயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, முகர்ந்து பார்த்தார். "ஏனுங்ணா, இத்தன வருசம் மாத்தாம விட்டுப்போட்டு இப்பப் போயி மாத்துனீங்கன்னா கியர் பாக்ஸ் நின்னு போயிருமுங்க. இருக்கறதோட அப்பிடியே ஓட்டிக்குங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அவர் கண்ணால் பார்த்த வண்டிகளை வைத்துச் சொன்னார்.

இந்தப் பேச்சைக் கோயமுத்தூரிலிருந்து கரூர் வரை எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். நாமக்கல் லாரியும் கரூர் பஸ் பாடியும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கும் உருவாகிற ஊர்கள் இவை. வண்டியைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கனரக வண்டிகளில் கை வைத்துப் பழகியவர்கள் பார்த்த கியர் பாக்ஸ் அநேகமாகக் கையால் போடுகிற கியர் பாக்ஸ். அதில் ஆயிலின் வேலை பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வழவழப்பாக இருப்பது, சூட்டைத் தாங்குவது, அவ்வளவுதான். கொஞ்சம் பழசானாலும் சமாளிக்கும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஆயில் அப்படி இல்லை. அங்கே ஊற்றுகிற சிவப்பு ஆயிலே ஒரு ஸ்பேர் பார்ட். கிளட்ச் பிளேட் மாதிரி, பேரிங் மாதிரி அதுவும் தேய்கிற பாகம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், மாற்றலாமா கூடாதா, எப்படி மாற்றுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வந்துவிடும்.

எனக்கு இதைப் புரியவைத்தது கோயமுத்தூர் கணபதியில் சித்தப்பாவின் லேத் பட்டறை. அவர் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைத் திறந்தவர் இல்லை; ஆயுள் முழுக்க மோனோபிளாக் பம்புக்கு இம்பெல்லர் கடைந்தவர். என்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "இக்கட்ட இருக்கறது இம்பெல்லர். அக்கட்ட இருக்கறது பவர் ஹவுஸ் டர்பைன். ரெண்டையும் எதுத்தாப்புல வெச்சு ஒரே டப்பாவுல போட்டு மூடியிருக்காங்க கண்ணு" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கிணற்றுத் தண்ணீரை இம்பெல்லர் வீசி மேலே அனுப்புகிறது. நீலகிரியின் பைக்காராவில் மலைமேலிருந்து விழுகிற தண்ணீர் டர்பைனைச் சுற்றுகிறது. 1932-ல் தொடங்கிய அந்தப் பவர் ஹவுஸின் மின்சாரத்தில்தான் கோயமுத்தூரின் மில்லும் பம்ப்செட்டும் வளர்ந்தன. இந்த இரண்டு வேலையும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் நடக்கின்றன. என்ஜினோடு சேர்ந்த இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. எதிரே உள்ள டர்பைன் அந்த ஆயிலின் வேகத்தில் சுற்றுகிறது. டர்பைனோடு சேர்ந்தது கியர் பாக்ஸ். வண்டி நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் நடுவில் இரும்புத் தொடர்பு கிடையாது. சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றாலும் என்ஜின் அணையாமல் இருப்பது இதனால்தான். ஆயில் நழுவிக்கொண்டே இருக்கும்.

அதே ஆயில் இன்னும் மூன்று வேலை பார்க்கிறது. உள்ளே ஒரு பம்ப் அதை அழுத்தத்தோடு தள்ளுகிறது. அந்த அழுத்தம் வால்வ் பாடி என்கிற வாய்க்கால் மடைகளின் வழியாகப் போய், எந்த கியர் வேண்டுமோ அந்த கிளட்ச்சைக் கவ்வ வைக்கிறது. கியர் பற்களுக்கும் பேரிங்குக்கும் மசகாக இருக்கிறது. சூட்டை வாரிக்கொண்டு கூலருக்குப் போய்க் கொட்டிவிட்டு வருகிறது. இவற்றில் மிக நுணுக்கமானது கிளட்ச் வேலை. ஆயிலில் ஊறிக்கிடக்கிற பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். பிடிக்கிற நேரத்தில் உதறவும் கூடாது, வழுக்கவும் கூடாது. வழுக்கச் செய்வதற்காக உள்ள ஆயிலே, பிடிக்கவும் வைக்க வேண்டும். அந்தப் பதத்துக்காக ஆயிலில் உராய்வைச் சரிப்படுத்தும் ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைக் கொடுத்தது. 1949-ல் இதற்கென்றே 'டைப் ஏ' என்று ஆயிலுக்குத் தரம் வகுத்தது. 1967-ல் டெக்ஸ்ரான் என்ற அடுத்த தரம் வந்தது. அந்தக் காலத்து ஆயிலில் உராய்வைச் சரிசெய்யச் சேர்த்தது என்ன தெரியுமா? எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையிலிருந்தும் உடம்பிலிருந்தும் எடுத்த எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் திமிங்கலத்தைக் காக்க அமெரிக்கா அதைத் தடுத்ததும், ஆயில் நிறுவனங்கள் மாற்று ரசாயனம் தேடித் தடுமாறின. அந்த வருஷங்களில் கியர் பாக்ஸ் பழுதுகளும் கூடின. ஆயிலில் ஒரே ஒரு சேர்மானம் மாறினாலே பெட்டி படுத்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, அந்த ஆயில் எப்படிக் கெடுகிறது? முதல் காரணம் சூடு. சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஆயில் காற்றோடு சேர்ந்து கெடுகிற வேகம், சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது ரசாயனத்தில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. 90-லிருந்து 120-க்குப் போனால் 2, 4, 8 என்று எட்டு மடங்கு. சித்திரை வெயிலில் ஈரோட்டிலும் கரூரிலும் நிழலிலேயே 40 டிகிரி. அந்த வெயிலில் திம்பம் ஏறினால் 27 வளைவு. கொல்லிமலை ஏறினால் 70. வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து, டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் நழுவி நழுவித்தான் வண்டி ஏறுகிறது. நழுவுகிற சக்தியெல்லாம் சூடாக ஆயிலில்தான் இறங்குகிறது. லிவரை டிரைவ் என்கிற டி-யிலேயே விட்டுவிட்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். மலை ஏறும்போது 2-லோ, எல்-லிலோ வைத்து, உயர்ந்த கியரைத் தருகிற ஓவர்டிரைவ் பொத்தான் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். கியர் முன்னும் பின்னும் தாவாது, ஆயிலும் கொதிக்காது.

இரண்டாவது காரணம் தேய்மானம். கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் பொருள் நுண்ணிய தூளாக ஆயிலில் கலக்கிறது. எஃகுத் தூளும் சேர்கிறது. மூன்றாவது, ஆயிலின் கெட்டித்தன்மையைச் சூட்டிலும் குறையாமல் வைத்திருக்கிற நீண்ட மூலக்கூறுகள், கியர் பற்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி அறுந்துபோகின்றன. ஆயில் தண்ணியாகிறது. அழுத்தம் நிற்காது. என் வண்டி ஆழியாற்றில் ஒன்றரை நொடி யோசித்தது இதனால்தான்.

'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சில கார் நிறுவனங்கள் கையேட்டில் எழுதுகின்றன. யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்துகொடுக்கிற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சை நான் நம்புகிறேன். காரை மூன்று நான்கு வருஷத்தில் மாற்றிவிடுகிற நாட்டுக்கு அந்தக் கையேடு பொருந்தலாம். தகப்பன் ஓட்டி மகன் ஓட்டி, பிறகு தோட்டத்துக்குப் போய்வர வைத்துக்கொள்கிற நமக்குப் பொருந்தாது.

பொள்ளாச்சி ஃபிட்டர் சொன்னதற்கு வருகிறேன். மாற்றினால் கெட்டுப்போகும் என்பது எங்கிருந்து வந்தது? அநேகம் பேர் ஆயில் மாற்றப் போவதே, கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் அலறும், வண்டி வேகம் எடுக்காது. அப்போது கிளட்ச் பிளேட்டில் மிச்சமே இருக்காது. புது ஆயில் ஊற்றி ஆயிரம் கிலோமீட்டரில் பெட்டி நின்றால், கடைசியாகத் தொட்டவர் தலையில்தான் பழி விழும். காய்ச்சல் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதைதான். இன்னொன்று, மெஷின் வைத்து அழுத்தத்தோடு முழு ஆயிலையும் ஒரேயடியாக வெளியேற்றுகிற முறை. 10, 15 வருஷமாக உள்ளே படிந்துகிடக்கிற கசடு அந்த வேகத்தில் பெயர்ந்து, வால்வ் பாடியின் மடைகளில் போய் அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் அவர் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பழைய வண்டிக்கு மெஷின் வேண்டாம் என்பதே என் முடிவும். ஆனால் மாற்றவே வேண்டாம் என்பதை ஏற்கமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

எவ்வளவு கொஞ்சம்? அதை வண்டியே தீர்மானிக்கிறது. அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் பாதிக்கு மேல் நின்றுவிடும். என் வண்டியில் மொத்தம் 6 லிட்டரை ஒட்டி. வடித்தால் வருவது 2.5 லிட்டர். அப்படியானால் முதல் முறை வடித்து ஊற்றியதும் உள்ளே 42 சதவீதம் புதுசு. ஓட்டிவிட்டு இரண்டாவது முறை செய்தால் 66. மூன்றாவது முறை 80. திருப்பூர் சாயப்பட்டறையில் துணியை ஒரே அலசலில் விடமாட்டார்கள். ஒவ்வொரு அலசலிலும் மிச்சச் சாயத்தில் ஒரு பங்கு போகும். அதே கணக்குதான். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் 500 கிலோமீட்டராவது ஓட்டினேன். புது ஆயிலில் உள்ள கசடு கரைக்கும் மருந்துக்கு வேலை பார்க்க நேரம் வேண்டும்.

கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன், உங்கள் வண்டி எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2014-ல் மாருதி செலிரியோ வந்த பிறகு, ஏ.எம்.டி. என்கிற வகை ஊரெங்கும் பரவியது. அது கையால் போடுகிற அதே கியர் பாக்ஸ். கிளட்ச்சையும் கியரையும் ஒரு இயந்திரக் கை இயக்குகிறது. அதற்குச் சாதாரண கியர் ஆயில்தான், சிவப்பு ஆயில் கிடையாது. சி.வி.டி. வேறு, அதில் எஃகு பெல்ட் ஓடுகிறது, அதற்கான ஆயிலும் வேறு. இரட்டை கிளட்ச் வகை இன்னும் வேறு. நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய 4, 5 கியர் பெட்டிகளுக்கு மட்டும். சி.வி.டி.யில் இந்தச் சிவப்பு ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கி, பெட்டி கெட்டுப்போகும்.

அடுத்தது ஆயில். கடைக்காரர் 'எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே ஆயில்தானுங்க' என்று டப்பாவை நீட்டுவார். வாங்காதீர்கள். பழைய ஹூண்டாய் 4 கியர் பெட்டிகளுக்கு எஸ்.பி. 3, பின்னால் வந்த 6 கியர் பெட்டிகளுக்கு எஸ்.பி. 4. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. டொயோட்டாவில் முன்பு டி-4, பிறகு டபிள்யூ.எஸ்.; இதுவும் அப்படித்தான். ஹோண்டாவில் பழைய இசட்1-க்குப் பதிலாக டி.டபிள்யூ.1 வந்தது, அதைப் பழைய பெட்டியிலும் ஊற்றலாம். டெக்ஸ்ரான் 3 என்று இன்றும் டப்பாக்களில் அச்சடித்திருக்கும். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை 2006-ஓடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பேருக்குப் பின்னால் யாரும் பொறுப்பு நிற்பதில்லை. டிப்ஸ்டிக்கின் தலையிலோ கையேட்டிலோ எழுதியிருக்கிற பெயர் எதுவோ, அதே பெயர் டப்பாவில் இருக்க வேண்டும். சிவப்பாக இருப்பதை வைத்து நம்பக் கூடாது. அது கசிந்தால் எந்த ஆயில் என்று தெரிவதற்காகச் சேர்த்த சாயம்தான்.

இனி வாசலுக்கு வருவோம். தரை மட்டமாக இருக்க வேண்டும். நம் பக்கத்து வீட்டு வாசல்கள் மழைத் தண்ணி ஓடுவதற்காகச் சாய்வாகப் போட்டவை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தெரியும். நான் நெல் காயவைக்கிற சிமென்ட் களத்தில் செய்தேன். ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டு நான்கும் கொடுத்து, வண்டியைப் பிடித்து அசைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் போனேன். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்து அடியில் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நொடியில் நொறுங்கும். தயவுசெய்து வேண்டாம். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

முதலில் ஆயில் ஊற்றுகிற வழியைத் திறந்து பார்க்க வேண்டும், வடிக்கிற போல்ட்டை அல்ல. சில வண்டிகளில் டிப்ஸ்டிக் துளை வழியாகவே ஊற்றலாம். சிலவற்றில் தனி போல்ட். 15 வருஷம் திறக்காத போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தால், வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் வண்டி களத்திலேயே நிற்கும். அடுத்து, எது கியர் பாக்ஸ் போல்ட், எது என்ஜின் போல்ட் என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த மாமா ஒருவரின் வண்டிக்கு இது நடந்தது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் என்ஜின் ஆயிலென்று கியர் பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினில் புது ஆயிலை ஊற்றிவிட்டார்கள். என்ஜினில் இரண்டு மடங்கு, கியர் பாக்ஸில் பாதி. ரோட்டுக்கு வந்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி இழுப்பை விட்டது. நல்லவேளை அவர் அப்போதே அணைத்து நிறுத்தியதால் பெட்டி தப்பியது.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்த உடனே திறந்தால் கை வெந்துபோகும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, அரைமணி நேரம் கழித்து எடுத்தால் பதமாக இருக்கும். முக்கியமான விஷயம்: வடிந்ததை அளவு போட்ட ஜாடியில் பிடிக்க வேண்டும். வந்தது எவ்வளவோ, அதே அளவு முதலில் ஊற்றுவதுதான் பாதுகாப்பான ஆரம்பம். அதற்கு முன் பழைய மட்டம் சரியாக இருந்ததா என்று பார்த்துக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

போல்ட் கைக்கு வந்ததும் அதன் நுனியைப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு காந்தம் இருக்கும். என்னுடையதில் காந்தம் தெரியவே இல்லை; கருப்பும் சாம்பலும் கலந்த குழம்பு மூடியிருந்தது, கண்மை டப்பாவில் விரலைவிட்டு எடுத்த மாதிரி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தேன். நெருடவில்லை, மாவாக இருந்தது. அது நல்ல சேதி. அத்தனை வருஷத் தேய்மானம் அப்படித்தான் இருக்கும். அதில் மணல் மாதிரி நெருடினாலோ, மினுமினுக்கிற செதில்கள் இருந்தாலோ, பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம். ஆயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. துடைத்தபின் காந்தம் பளிச்சென்று வந்தது.

துடைக்க எடுத்த துணியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் எல்லாப் பட்டறையிலும் திருப்பூர் பனியன் வேஸ்ட் இருக்கும். அதற்கு நிகரான துடைப்புத் துணி கிடையாது. ஆனால் அதிலிருந்து நூல் பிரியும். வால்வ் பாடிக்குள் ஓடுகிற வால்வுகளுக்கும் துளைக்கும் இடையே உள்ள சந்து ஒரு தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. ஒரு நூல் துணுக்கு போதும், வால்வ் சிக்கிக்கொள்ள. கை துடைக்கப் பனியன் வேஸ்ட், டிப்ஸ்டிக்கையும் புனலையும் துடைக்க நூல் பிரியாத காகிதம் என்று நான் பிரித்து வைத்துக்கொண்டேன். அடியில் தட்டு வைத்த வகை வண்டியானால் இன்னும் கவனம் வேண்டும். தட்டைக் கழற்றி, உள்ளே உள்ள காந்தங்களைத் துடைத்து, ஃபில்டரை மாற்றி, புது கேஸ்கட் போட வேண்டும். கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் பசையை அப்புகிறவர்கள் உண்டு. பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்தால் ஃபில்டரை அடைக்கும்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது வாஷர் புதிதாக இருக்க வேண்டும். பழைய அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கியது, மறுபடி அடைக்காது. இறுக்கத்துக்கும் அளவு உண்டு. ஹோண்டா வடிகால் போல்ட்டுக்கு 49 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 5 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டால் எவ்வளவு இறுகுமோ, அவ்வளவு. பெட்டி அலுமினியம், வேகத்தில் ஒரு தம் கூட்டி இழுத்தால் மரை வழன்றுவிடும். மரை போன பெட்டியைக் கழற்றி லேத்தில் ஏற்ற ஆகிற செலவில் பத்து வருஷத்துக்கு ஆயில் வாங்கலாம். தட்டைப் பிடிக்கிற சின்ன போல்ட்டுகளுக்கு இதைவிட மிகக் குறைந்த இறுக்கமே போதும்.

ஊற்றுவதற்குப் பொறுமை வேண்டும். டிப்ஸ்டிக் துளை சிறியது. நீளக் குழாய் வைத்த புனலில் நூலாக ஊற்றினால்தான் இறங்கும். எனக்கு 2.5 லிட்டருக்கு அரைமணி நேரம் ஆனது. புனலை முதல் நாளே கழுவி, வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தேன்.

மட்டம் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஊற்றி முடித்ததும் என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி, லிவரை ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நொடி நிறுத்தி, பார்க்கிங்கிலிருந்து கடைசி வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெறுமையான வாய்க்கால்களிலெல்லாம் ஆயில் நிறையும். பிறகு ஒரு பத்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி வந்து பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொயோட்டாவில் என்ஜின் ஓடும்போது பார்க்கிங்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பழைய ஹூண்டாயில் என்ஜின் ஓடும்போது நியூட்ரலில். ஹோண்டாவில் என்ஜினை அணைத்து 60 முதல் 90 நொடிக்குள். ஒரு வண்டி முறையில் இன்னொரு வண்டியைப் பார்த்தால் தப்பான மட்டம்தான் கிடைக்கும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில், ஆயிலின் சூட்டைக் கருவியில் அளந்து, குறிப்பிட்ட டிகிரியில் அடிப்போல்ட்டைத் திறந்து வழிகிற அளவைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வகையை வீட்டில் முயலாமல் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? 6 லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய கால் லிட்டர் விரிகிறது. ஆறிய வண்டியில் சூட்டு அடையாளம் வரைக்கும் நிரப்பினால், ஓட்டும்போது கால் லிட்டர் அதிகம். அதிகமானால் சுற்றுகிற பல்சக்கரங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். குறைந்தால் பம்ப் காற்றைச் சேர்த்து உறிஞ்சும், அதுவும் நுரைதான். நுரையில் அழுத்தம் நிற்காது. கிணற்றில் தண்ணி குறைந்து மோட்டார் காற்றிழுக்கும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஒரு அடையாளத்தை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பல வண்டிகளில் கியர் பாக்ஸ் ஆயிலின் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடும். கிளட்ச் பிளேட்டின் ஒட்டுப்பொருள் தண்ணீரில் ஊறி உரிந்துவிடும். நம் பக்கத்தில் ஆயிரம் அடி போர்வெல் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், குழாயில் வெள்ளையாகப் படியும். அதை அவசரத்துக்கு ரேடியேட்டரில் ஊற்றி அப்படியே விடுகிறவர்கள் ஏராளம். கூலண்டைச் சரியாக வைத்திருப்பதும் கியர் பாக்ஸ் பராமரிப்புதான். பழைய வண்டியில் கூலருக்குப் போகிற ரப்பர் ஓஸ்களையும் அழுத்திப் பாருங்கள். கட்டையாகி வெடிப்புக் கண்டிருந்தால் ஆயிலோடு சேர்த்து மாற்றிவிடலாம்.

வடித்த ஆயிலைக் கரையானுக்கென்று வேலிக்காலில் ஊற்றுவதும், வாய்க்காலில் விடுவதும் இன்னும் நடக்கிறது. சட்டப்படி அது அபாயக் கழிவு. அது இறங்குகிற மண்ணுக்கு அடியில்தான் நம் கிணறு இருக்கிறது. சாயத்தண்ணி நொய்யலை என்ன செய்தது என்று பார்த்த தலைமுறை நாம். காலி டப்பாவிலேயே திரும்ப ஊற்றி மூடி, கழிவு ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுத்துவிடலாம். மறுசுத்திகரிப்புக்கு வாங்கிக்கொள்கிறவர்கள் வருகிறார்கள்.

நான் ஒவ்வொரு முறையும் வடித்ததில் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்தேன். முதல் பாட்டில் ஃபில்டர் காப்பி டிகாஷன். வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியவில்லை, கருகிய வாசனை வேறு. இரண்டாவது, நன்னாரி சர்பத். மூன்றாவதில் சிவப்பு திரும்பியிருந்தது. பாட்டிலுக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தது. ரிவர்ஸில் யோசிப்பது முதல் முறைக்குப் பிறகே பாதி குறைந்தது. மூன்றாவதுக்குப் பிறகு லிவரைத் தள்ளிய உடனே கவ்வுகிறது. இப்போது 40,000 கிலோமீட்டர் அல்லது 3 வருஷம், எது முந்துகிறதோ அப்போது ஒரு முறை வடித்து ஊற்றுவது என்று வைத்திருக்கிறேன். மலைக்குப் போகிற வண்டிக்கு அது சரியாக இருக்கிறது.

பொள்ளாச்சிக்குப் போனபோது அந்த ஃபிட்டரிடம் மூன்று பாட்டிலையும் கொடுத்தேன். மூடியைத் திறந்து மூன்றையும் முகர்ந்தார். "மொதலாவது கருகிப் போயிருச்சுங்க. மூணு தடவையாவா மாத்துனீங்க? எடைல எத்தன கிலோமீட்டரு ஓட்டுனீங்க?" என்று கேட்டு, பாட்டில்களைப் பட்டறை அலமாரியில் வரிசையாக வைத்துக்கொண்டார்.

மாற்றிய அன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் பரப்பி வையுங்கள். காலையில் அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம். முன்பக்கம் இடப்புறமாக நிறமில்லாத ஈரம் இருந்தால் அது ஏ.சி. தண்ணி. போல்ட்டுக்கு நேர் கீழே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தாலும், வாஷரைத் திரும்பப் பாருங்கள்.